பதினைந்து சாமான் காம்போவா, இரண்டு லென்ஸ் கிட்டா? பாளையங்கோட்டையில் ஒரு முதல் கேமரா

படம் எடுப்பதுதான் என் தொழில். அதனால் முதல் கேமரா வாங்கப் போகிறவர்கள் பாளையங்கோட்டையில் என்னைத் தேடி வந்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: கிட்டாக மொத்தமாக வாங்கினால் லாபமா, பாடியும் (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) லென்ஸும் தனித்தனியாக வாங்கினால் லாபமா? ஒரே சொல்லில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கடைகளில் மூன்று வேறு வேறு சரக்குகள் கிட் என்ற ஒரே பெயரில் விற்கின்றன. ஒன்றை நம்பி வாங்கலாம், இன்னொன்றை ஆளைப் பொறுத்து வாங்கலாம், மூன்றாவதைப் பெரும்பாலானவர்கள் வாங்கவே கூடாது. எது எது என்று பொதுவாகச் சொல்வதைவிட, 2022 கடைசியில் என் அக்கா மகளுக்கு நாங்கள் முடிவெடுத்த விதத்தை முதலிலிருந்து எழுதுகிறேன். அதில் இந்தக் கேள்வியின் எல்லா முடிச்சும் இருக்கிறது.

யார், எதற்கு, எவ்வளவு பணம்

அவள் அப்போது விலங்கியல் இரண்டாம் ஆண்டு. ஜனவரி தோறும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களுக்குத் தன்னார்வலர்கள் குழுக்களாகப் பிரிந்து போய் எண்ணி வருவார்கள். முந்தைய வருஷம் பைனாகுலரும் நோட்டுமாகப் போனவள், அடுத்த முறை கேமராவோடு போக ஆசைப்பட்டாள். அந்த வருஷம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் ராம்சர் தளமாக (சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக) அறிவிக்கப்பட்டதும் ஆசை இன்னும் கூடிவிட்டது.

அவளுக்கு இரண்டாவதாக ஒரு தேவையும் இருந்தது. அப்பா வழி ஊர் நாங்குநேரிப் பக்கம். சித்திரையில் சுடலைமாடன் கோவில் கொடை. வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, சாமக்கொடையில் தீப்பந்தத்தோடு சாமியாடி வேட்டைக்குக் கிளம்புவது, எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டும் என்றாள். "தாத்தா இருக்கும்போதே எடுத்து வைக்கணும் மாமா. எந்தச் சாமிக்கு என்ன கத, யாரு ஆடுவா, எல்லாம் அவுகளுக்குத்தான் தெரியும்."

பணம், அக்காவுக்கு விழுந்த சீட்டுப் பணத்தில் 55,000 ரூபாய். அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "ஏலே, இவ கேக்காளேன்னு பணத்தக் கரியாக்கிராத. ஒரு தடவ வாங்கினா அஞ்சாறு வருஷம் ஓடணும்."

இரண்டு தேவையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பறவை பகலில், தூரத்தில். கொடை இரவில், பக்கத்தில். ஒரு லென்ஸிடம் இவை கேட்பது நேர் எதிரான இரண்டு குணங்கள். வாங்க வருகிறவர்கள் பலர் இதைச் சொல்லாமல் "நல்ல கேமரா எது" என்று தொடங்குகிறார்கள். எதை, எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தள்ளி நின்று எடுக்கப் போகிறீர்கள் என்று தெரியாமல் எந்த கிட்டையும் நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது.

மூன்று விலை

அந்தப் பணத்துக்கு அப்போது எங்கும் புதிதாகக் கிடைத்தது கேனான் 1500டி. 2018ல் வந்த மாடல், 24.1 மெகாபிக்சல். நிக்கான் டி3500 அதற்குள் நிறுத்தப்பட்டிருந்தது. மிச்ச ஸ்டாக் மட்டும் அங்கங்கே உலவிக்கொண்டிருந்தது. கேமராவை இவ்வாறு முடிவு செய்த பிறகு கையில் மூன்று விலை இருந்தது.

முதலாவது, பாடியும் 18-55 லென்ஸும். (இந்த எண்கள் லென்ஸின் மி.மீ. அளவு. எண் கூடக் கூடத் தூரத்தில் உள்ளது பெரிதாகத் தெரியும், எண் குறைந்தால் அகலமான காட்சி அடங்கும்.) கடையில் ஒரு பையும் 16 ஜிபி கார்டும் சேர்த்துத் தருவார்கள். 42,500 ரூபாய். இரண்டாவது, அதோடு 55-250 லென்ஸும் சேர்ந்த இரட்டை லென்ஸ் கிட், 52,500. மூன்றாவது, ஆன்லைனில் ஒரு விற்பனையாளர் தானாகக் கட்டிய காம்போ. பாடி, 18-55 லென்ஸ், அப்புறம் ட்ரைபாட், 64 ஜிபி கார்டு, கூடுதல் பேட்டரி, முன்னால் திருகி மாட்டும் வைடு கன்வெர்ட்டர், டெலி கன்வெர்ட்டர், மூன்று ஃபில்டர், சின்ன எல்இடி விளக்கு, துடைக்கும் துணி, ஊதும் பம்ப் முதலாக மொத்தம் பதினைந்து உருப்படி. விலை 50,900.

அவள் மனசு மூன்றாவதில்தான் இருந்தது. "மாமா, அதுல மூணு சாமான், இதுல பதினஞ்சு. ரேட்டும் ரெட்ட லென்ஸ விடக் கம்மி. இத ஏன் வேண்டாங்கீய?" நியாயமான கேள்விதான். சீர்வரிசைத் தட்டை எண்ணுவது போல உருப்படியை எண்ணினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். எனவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்துப் பிரித்துப் போடச் சொன்னேன்.

காம்போவைப் பிரித்தபோது

கணக்கு இதுதான். காம்போவின் விலையில் முதல் கிட்டின் விலையைக் கழித்தால் 8,400 ரூபாய். அந்த 8,400க்கு என்ன வருகிறது? காம்போவில் இல்லாவிட்டாலும் நீயே கடைக்குப் போய் வாங்கியிருப்பாய் என்கிற பொருளுக்கு மட்டும் கடை விலையைப் போடு, மற்றதற்கெல்லாம் சைபர் போடு என்றேன். சைபர் போடுவதில்தான் எல்லோருக்கும் தயக்கம். "சும்மா வருதே" என்று நூறோ இருநூறோ எழுதத் தோன்றும். சும்மா வரவில்லை, அந்த 8,400க்குள்தான் வருகிறது.

கூடுதல் பேட்டரி நிச்சயம் வேண்டும். காம்போவில் வருவது கேமரா கம்பெனியின் சொந்த பேட்டரி இல்லை, வேறு தயாரிப்பு. அந்த ரகத்துக்கு 900. பெயர் தெரியாத 64 ஜிபி கார்டு, 600. பம்பும் துணியும் 250. மொத்தம் 1,750. மீதி 6,650 ரூபாய்க்குக் கன்வெர்ட்டர்களும் ஃபில்டர்களும் விளக்கும் ட்ரைபாடும் பதில் சொல்ல வேண்டும்.

திருகும் கன்வெர்ட்டர்களைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். 18-55 லென்ஸின் முன்பக்கம் 58 மி.மீ. திருகு உள்ளது. அதில் இன்னொரு கண்ணாடியை மாட்டினால் கோணம் மாறும், உண்மைதான். ஆனால் படத்தின் ஓரங்கள் கரைந்து போகும், கிளை நுனிகளில் ஊதாவும் பச்சையும் கோடு கோடாக வரும். போதாததற்கு, ஃபோகஸ் செய்யும்போது நகர்கிற மெல்லிய பிளாஸ்டிக் குழாயின் நுனியில் அந்தப் பாரம் தொங்கும். பறவையின் அலகு நிறத்தையும் இறகுக் கோட்டையும் பார்த்து இனம் சொல்ல வேண்டியவளுக்கு இது உதவாது.

யுவி ஃபில்டர் ஃபிலிம் காலத்துத் தேவை. டிஜிட்டல் சென்சாரின் முன்னாலேயே புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. கீறல் விழாமல் காக்க மாட்டுகிறேன் என்றால் நல்ல ஃபில்டராக வாங்க வேண்டும். மலிவான ஃபில்டரை மாட்டிக்கொண்டு கொடைக்குப் போனால், கோபுரத்துச் சீரியல் லைட் ஒவ்வொன்றுக்கும் படத்தின் எதிர் மூலையில் ஒரு பச்சைப் பொட்டு விழும். லென்ஸைக் காப்பதற்கு அதன் முனையில் மாட்டும் வளையமான ஹூடு போதும். ஓரத்திலிருந்து வரும் வெளிச்சத்தையும் தடுக்கும், இடி பட்டாலும் தாங்கும். எந்த காம்போவிலும் சரியான ஹூடு வந்து நான் பார்த்ததில்லை.

ட்ரைபாடை மட்டும் சோதித்துப் பார்த்தோம். அதே ரகக் காம்போவை வாங்கிய மாணவர் ஒருவரிடமிருந்து இரவல் வாங்கி மொட்டை மாடியில் நிறுத்தி, என்னுடைய 55-250 லென்ஸை மாட்டினோம். கேமராவின் பின் திரையில் காட்சியைப் பத்து மடங்கு பெரிதாக்கி, எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருந்த எழுத்தைப் பார்க்கச் சொன்னேன். காற்று பெரிதாக இல்லை. அப்படியும் எழுத்து நின்ற இடத்தில் நிற்காமல் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருந்தது. ஷட்டர் பட்டனை விரலால் தொட்டதும் திரையை விட்டே போய்விட்டது. இதைக் குளத்தங்கரையில், நாங்குநேரிப் பக்கம் காற்றாலை சுற்றுகிற காற்றில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அவளே சொல்லிவிட்டாள். ட்ரைபாடுக்கும் சைபர்.

இதோடு காம்போ கதை முடிந்தது. தானாகக் காம்போ கட்டும் விற்பனையாளர்கள் எல்லோரையும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பதினைந்து உருப்படியும் விலைக்குத் தக்கபடி வேலை செய்யலாம். ஆனால் அவற்றைத் தேர்ந்தெடுத்தது அவளுடைய தேவை இல்லை; எண்ணிக்கை கூடினால் விற்கும் என்கிற கணக்கு.

வாங்கும் முன் எடுத்த படங்கள்

முதல் கிட்டா, இரண்டாவதா என்பதுதான் உண்மையான கேள்வி. இதற்குப் பேச்சில் விடை வராது. என் பழைய பாடியையும் ஒரு 18-55 லென்ஸையும் அவளிடம் கொடுத்தேன். பாளையங்கோட்டை தசராவுக்குக் கொண்டு போகச் சொன்னேன். பிறகு காலையில் டவுன் நயினார்குளக் கரைக்கு. எப்படி எடுக்க வேண்டும் என்று அதிகம் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் பாட்டுக்கு எடுக்கட்டும் என்று விட்டேன்.

அதன் பிறகு படங்களைக் கணினியில் போட்டு, அழகைப் பார்க்காமல் தகவலைப் பார்த்தோம். ஒவ்வொரு படத்திலும் எந்த மி.மீ.யில் எடுத்தது, ஷட்டர் (படம் பதிய எடுத்துக்கொண்ட நேரம்) எவ்வளவு, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) எவ்வளவு என்று கேமராவே எழுதி வைத்திருக்கும். விண்டோஸில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தாலே தெரியும். கேமராவை இரவல் வாங்க முடிகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்பேன். கடைக்காரர் சொல்வதைவிட, நான் சொல்வதைவிட, உங்கள் கை தானாக எங்கே போகிறது என்பதை இது காட்டிக் கொடுத்துவிடும்.

நயினார்குளத்துப் படங்கள் ஏறக்குறைய எல்லாம் 55லேயே முட்டிக்கொண்டு நின்றன. கொக்கும் நீர்க்காகமும் நாமக்கோழியும் நடுப்படத்தில் புள்ளி புள்ளியாக இருந்தன. அவள் கை லென்ஸை இன்னும் திருகப் பார்த்திருக்கிறது, அதற்கு மேல் இடமில்லை.

தசராப் படங்களின் கதையே வேறு. சப்பரங்கள் வரிசையாக வந்து நிற்கிற கூட்டத்தில் மி.மீ. ஒரு பிரச்சினையே இல்லை. 18க்கும் 35க்கும் இடையில் எல்லாம் அடங்கிவிட்டது. அங்கே ஷட்டர்தான் பிரச்சினை. ஐஎஸ்ஓ 6400 வரை ஏறியும் வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு, முப்பதில் ஒரு பங்கு. அம்மன் அசையாமல் தெளிவாக இருக்கிறாள், சப்பரம் தூக்குகிறவர்கள் எல்லோரும் கரைந்து போயிருக்கிறார்கள். லென்ஸில் நடுக்கத்தைக் குறைக்கும் ஐஎஸ் வசதி இருந்ததே என்று கேட்டாள். அது நம் கை நடுக்கத்தை மட்டும்தான் குறைக்கும். எதிரே ஆடுகிறவரை அது நிறுத்தாது.

பத்தாயிரம் ரூபாய் எங்கே போகட்டும்

ஆக இரண்டு குறை தெரிந்தது: பகலில் நீளம் போதவில்லை, இரவில் வெளிச்சம் போதவில்லை. கையில் முதல் கிட் போக மிஞ்சுவது 12,500 ரூபாய். அதற்குள் ஒரு குறையைத்தான் தீர்க்கலாம்.

நீளத்துக்கு 55-250. வெளிச்சத்துக்கு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், ஏறத்தாழ அதே பத்தாயிரம். எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் என்பது தெரிந்திருக்கும். எவ்வளவு அதிகம் என்பதுதான் பலருக்குத் தெரியாது. கிட் லென்ஸை 55ல் வைத்தால் எஃப் 5.6. அதைவிட எஃப் 1.8 லென்ஸ் ஒன்பது மடங்குக்கும் மேல் வெளிச்சம் உள்ளே விடும். கிட் லென்ஸில் 55ல் வைத்து முப்பதில் ஒரு பங்கு வினாடி எடுக்கிற படத்தை, அதே ஐஎஸ்ஓவில் ஏறக்குறைய 250ல் ஒரு பங்கு வினாடியில் எடுத்துவிடலாம். ஆடுகிற ஆள் நின்றுவிடுவார். பறவை ஆசை இல்லாமல், கல்யாணம், சடங்கு, கோவில் என்று எடுக்கப் போகிறவராக இருந்தால் எழுந்திருக்கும் முன்பே சொல்லிவிடுவேன்: ஒற்றை லென்ஸ் கிட்டும் 50ம் வாங்குங்கள், 55-250 பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம். பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் அப்படித்தான் வாங்கினான். இன்றுவரை அவனுக்கு 55-250 தேவைப்படவில்லை.

இவளுக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. இங்கேதான் விலையின் அமைப்பைப் பார்க்க வேண்டியிருந்தது. 50 மி.மீ. லென்ஸ் இன்றைக்கு வாங்கினாலும் ஆறு மாதம் கழித்து வாங்கினாலும் அதே விலைதான். கிட்டோடு சேர்த்து வாங்குவதால் அதற்குத் தள்ளுபடி கிடையாது. 55-250 அப்படி இல்லை. கிட்டுக்குள் பத்தாயிரம், தனியாகப் புதிதாக வாங்கப் போனால் கேட்ட இடத்தில் 18,000 சொன்னார்கள். அந்தத் தள்ளுபடி பாடி வாங்குகிற அன்று ஒரு நாள் மட்டும்தான் உண்டு. நாள்காட்டியும் அதையே சொன்னது. முதலில் ஜனவரிக் கணக்கெடுப்பு, அப்புறம்தான் சித்திரைக் கொடை.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அதையும் அவளிடம் மறைக்கவில்லை. செகண்ட்ஹாண்டில் 55-250 ஏழாயிரம், எட்டாயிரத்துக்குக் கிடைக்கும். தாராளமாகக் கிடைக்கும். ஏன் தாராளமாகக் கிடைக்கிறது என்று யோசித்தால், இரட்டை கிட் வாங்கிய பலர் அந்த இரண்டாவது லென்ஸை வெளியே எடுப்பதே இல்லை என்பது விளங்கும். என்னிடம் விற்பனைக்கு வரும் 55-250 லென்ஸ்களில் பாதிக்கு மேல் மவுண்ட்டில் (பாடியோடு பொருந்தும் வளையத்தில்) தேய்மானமே இருக்காது. பறவையோ விளையாட்டோ எடுக்காதவர்களுக்கு இரட்டை லென்ஸ் கிட்டும் வீண்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் இவள் எடுத்த படங்கள் 55ல் முட்டி நிற்பதைக் கண்ணால் பார்த்தாயிற்று. செகண்ட்ஹாண்டில் மிச்சமாகும் இரண்டாயிரத்து சொச்சத்துக்காக வாரண்டியை விடுவதும், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் யார் வீட்டு பீரோவிலோ பூஞ்சை பிடித்த லென்ஸ் தலையில் விழுவதும் முதல் முறை வாங்குகிறவளுக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தோம். இரட்டை லென்ஸ் கிட். 50 மி.மீ. பின்னால்.

கடையில்

வண்ணார்பேட்டையில் அண்ணாச்சி கடையில் அரை மணி நேரம் ஆனது. பெட்டிக்கு வெளியே போட்டிருக்கும் எழுத்தை முழுக்கப் படிக்கச் சொன்னேன். ஒரே பெயரில் இரண்டு மூன்று லென்ஸ் உலவுவதால் இது மிக முக்கியம். 18-55ல் ஐஎஸ் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. 55-250ல் ஐஎஸ் 2 என்றும் ஐஎஸ் எஸ்டிஎம் என்றும் இரண்டு வகை. எஸ்டிஎம் வேகமாகவும் சத்தமில்லாமலும் ஃபோகஸ் செய்யும், கிட்டில் வந்தது ஐஎஸ் 2. நிக்கான் பக்கம் இன்னும் கவனம் தேவை. அவர்களுடைய டிஎக்ஸ் 70-300 ஏஎஃப்-பி லென்ஸ் விஆர் (நிக்கானின் நடுக்கத் தடுப்பு) உள்ளது, இல்லாதது என இரண்டு வடிவில் வந்தது. 300 மி.மீ. நீளத்தைக் கையில் பிடித்து, நடுக்கத் தடுப்பும் இல்லாமல் எடுப்பது புதியவர்களுக்கு மிகவும் கஷ்டம். கிட்டில் விலை குறைவாக இருந்தால் எந்த வடிவம் உள்ளே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் எம்.ஆர்.பி.யும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். சட்டப்படி இருந்தாக வேண்டியது அது. இல்லையென்றால் வேறு வழியில் வந்த சரக்கு, இங்கே வாரண்டி நிற்காது. ஜி.எஸ்.டி. பில்லில் பாடி நம்பரோடு இரண்டு லென்ஸ் நம்பரையும் எழுதச் சொன்னோம். அண்ணாச்சி, "இதையெல்லாம் யாரும் கேக்க மாட்டாவ" என்றபடியே மூன்றையும் எழுதிக் கொடுத்தார்.

இனாமாக வந்த 16 ஜிபி கார்டை வீட்டில் முழுக்க நிரப்பி, நிரப்பிய கோப்புகளைத் திறந்து பார்த்தோம். போலி கார்டுகள் பாதியில் பல்லிளித்துவிடும், இது சரியாகவே இருந்தது. ரா கோப்பு (கேமரா சுருக்காமல் பதியும் மூலப் படம்) ஒன்று 25லிருந்து 30 எம்பி வரை வருவதால் இந்தக் கார்டில் ஐந்நூறு சொச்சம் படம் அடங்கும். ஒரு காலைக்கு அது தாராளம். கையிலிருந்த மிச்சத்தில் பெரிய கார்டு ஒன்றும், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும், சிலிகா ஜெல் பொட்டலங்களும் வாங்கினாள். நம் ஊரில் லென்ஸைக் காப்பாற்றுவது அந்த டப்பாதான்.

ஒரு வருஷம் கழித்து

ஜனவரிக் கணக்கெடுப்பும், அதைத் தொடர்ந்து கூந்தன்குளமும். கூந்தன்குளத்தில் 55-250 எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பது அளந்து சொல்லக்கூடிய அளவுக்குத் தெளிவாக இருந்தது. அங்கே வீடுகளை ஒட்டிய மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டும். கூடு கட்டிய பறவைக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடுவதையே தவிர்க்கிற ஊர் அது. அவ்வளவு பக்கத்தில் இருப்பதால் மஞ்சள்மூக்கு நாரை 30 மீட்டரில் கிடைத்துவிடுகிறது. அந்தத் தூரத்தில் 250 மி.மீ.யில் நாரை படத்தின் உயரத்தில் பாதிக்கு நிற்கும். குஞ்சு வாயைத் திறப்பது வரைக்கும் தெரிகிறது. கூழைக்கடாக்களும் அப்படியே.

ஆனால் குளத்தின் நடுவில் மேய்கிற பட்டைத்தலை வாத்து 150 மீட்டர் தள்ளி என்றால், படத்தின் அகலத்தில் பதினெட்டில் ஒரு பங்குதான் வரும். வெட்டிப் பெரிதாக்கினால் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை இருப்பது தெரியும், கணக்குக்குச் சான்றாக வைக்கலாம். சுவரில் மாட்டும் படம் ஆகாது. எழும்பிப் பறக்கிற கூட்டத்தை அந்தப் பாடி பிடிக்கத் திணறியது. ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள், அதிலும் நடுவில் உள்ள ஒன்று மட்டும்தான் உறுதியானது. நடுப்புள்ளியை மட்டும் வைத்து எடுக்கப் பழகிய பிறகு பாதி தேறியது.

டியூஷன் எடுத்த பணத்தில் கொடைக்கு முன்னால் 50 மி.மீ. லென்ஸ் வாங்கினாள். சாமக்கொடைப் படங்களில் இரண்டு மூன்று, நான் எடுத்திருந்தால் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடியவை. ஃபிளாஷ் போடவில்லை, சாமி இறங்கியிருக்கும் நேரத்தில் முகத்தில் வெளிச்சம் அடிப்பதை ஊரில் யாரும் விரும்ப மாட்டார்கள், அவளும் விரும்பவில்லை. பந்த வெளிச்சம் மட்டுமே ஒரு பக்கமாக விழுந்து, சாமியாடியின் கன்னத்துத் திருநீறு துகள் துகளாகத் தெரிகிற ஒரு படம் இருக்கிறது. கிட் லென்ஸில் அது வந்திருக்காது. தாத்தா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அதே வேட்டையை அவருடைய அப்பா ஆடிய கதையைச் சொல்ல, அவள் அதையும் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறாள்.

50லும் குறை உண்டு. இந்த வகைப் பாடியில் அது 80 மி.மீ. போல நடந்துகொள்ளும். வில்லுப்பாட்டுக் குழு முழுவதையும் படத்துக்குள் கொண்டுவரப் பின்னால் போய்ப் போய்க் கோவில் சுவரில் முதுகு இடித்தது. அந்த இடங்களுக்கு மறுபடியும் 18-55தான். எஃப் 1.8ல் இரண்டு முகம் இருந்தால் ஒன்று மங்கிவிடுவதால், 2.2 அல்லது 2.5ல் வைத்து எடுக்கிறாள்.

ஆக மூன்று லென்ஸும் பையில் வேலை செய்கின்றன. அதிகம் உழைப்பது எது என்று கேட்டால் அந்தச் சாதாரண 18-55தான். குளத்தின் நிலவரம், கருவேலம் எவ்வளவு பரவியிருக்கிறது, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அவள் அறிக்கைக்கு எடுக்கிற படங்கள் எல்லாம் அதில்தான். பாடியோடு வருகிற ஒற்றை கிட் லென்ஸை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எல்லா வேலையையும் ஓரளவு செய்யும் அந்த லென்ஸ்தான், அடுத்து என்ன தேவை என்பதை நமக்குச் சொல்லிக் கொடுக்கிறது. ட்ரைபாட் இரவல் கொடுத்த மாணவரின் காம்போவையும் அதே சமயம் பார்த்தேன். ட்ரைபாடின் ஒரு காலில் பூட்டு உடைந்திருந்தது, கன்வெர்ட்டர்கள் உறை பிரிக்காமல் இருந்தன. அவரும் 50 மி.மீ. வாங்கத்தான் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது வாங்குகிறவர்களுக்கு

2023ல் கேனான் ஆர்50, ஆர்100 என்ற மிரர்லெஸ் கேமராக்கள் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை) வந்துவிட்டன. பறவைக்காக வாங்குகிறவர், பணம் இடம் கொடுத்தால், ஆர்50 பக்கம் போவதுதான் சரி. பறவையைத் தானாகக் கண்டுபிடித்து ஃபோகஸ் பின்தொடரும் வசதி 1500டியில் இல்லாதது. ஆர்100ல் திரையைத் தொட்டு இயக்க முடியாது. போனில் பழகிய கைக்கு அது உறுத்தும். இரண்டுக்கும் கிட்டாக வருவது 18-45 எஃப் 4.5-6.3, இரட்டை கிட்டில் கூட வருவது 55-210 எஃப் 5-7.1. எண்களைப் பாருங்கள், பழைய கிட் லென்ஸ்களைவிட இன்னும் இருட்டு. ஆகவே கொடை, தசரா எடுக்கிறவர்களுக்குப் பிரகாசமான ஒரு லென்ஸின் தேவை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. கணக்குப் போடும் முறை மாறாது: ஒற்றை கிட் விலையைக் கழி, கூடுதலாக வருவதற்குத் தனி விலை என்ன என்று கேள், நீயாக வாங்க மாட்டாய் என்றால் சைபர் போடு.

பழைய மாடலை காம்போவாக்கி விற்பது இனி இன்னும் அதிகமாகும். கம்பெனிகளின் புது லென்ஸ்கள் எல்லாம் மிரர்லெஸ்ஸுக்குத்தான் வருகின்றன. டிஎஸ்எல்ஆர் (1500டி போல உள்ளே கண்ணாடி உள்ள பழைய வகை) வாங்கக் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. பழைய லென்ஸ்கள் மலிவாகக் கிடைக்கிற வரைக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கு அது நல்ல வழிதான். ஆனால் அதற்குப் புது விலை கொடுக்க வேண்டியதில்லை. கூட வரும் பதின்மூன்று சாமானுக்காகக் கொடுக்கவே வேண்டியதில்லை.

அக்கா மகள் இப்போது முதுகலை படிக்கிறாள். நடுக்குளத்து வாத்துகள் அவளை விடுவதாக இல்லை. 600 மி.மீ. வரை நீளும் லென்ஸ் ஒன்றைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். விலையும் பெரிது, எடையும் இரண்டு கிலோவை நெருங்கும். அடுத்த கணக்கெடுப்பு நாட்களுக்கு மட்டும் அதை ஸ்டுடியோவிலிருந்து வாடகைக்கு எடுத்து, இருக்கிற பாடியில் மாட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மாற்ற வேண்டியது லென்ஸா பாடியா என்பதை அந்தப் படங்களை வைத்துத்தான் பேசப் போகிறோம்.